புதுச்சேரிப் பழைய நகரின் அருங்காட்சியகங்கள்: இரண்டு நாள்களில் எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

கீழவீதி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் ஒரு சனி, ஞாயிறு புதுச்சேரியில் தங்கப் போகிறோம். என்னுடன் வருபவர்கள் இருவர். ஒருவர் என் தந்தை. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 74, முழங்கால் வலியால் படி ஏறுவது அவருக்குச் சிரமம். இன்னொருத்தி ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள். பழந்தமிழர் கடல் வணிகத்தைப் பற்றிப் பள்ளியில் ஒரு செயல்திட்டம் கொடுத்திருக்கிறார்கள். புதுச்சேரிக்கு அருகே உள்ள பழந்துறைமுகமான அரிக்கமேட்டின் படங்களை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டினால் போதும் என்பது அவள் கட்சி; நேரில் பார்த்துவிட்டு எழுது என்பது என் கட்சி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை புதுச்சேரிக்கு வந்தோம். கடற்கரைச் சாலையில் நடந்தோம், மஞ்சள் சுவர்களுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டோம், அருங்காட்சியகத்துக்குள் அரைமணி நேரம் சுற்றினோம். வெளியே வந்ததும் என்ன பார்த்தாய் என்று மகளைக் கேட்டேன், "நாற்காலி" என்றாள். எனக்கும் அதற்குமேல் எதுவும் நினைவில் இல்லை என்பதே உண்மை. குற்றம் அருங்காட்சியகத்தின் மேல் இல்லை. எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் உள்ளே போனது எங்கள் பிழை.

ஆகவே பழைய நகருக்குள் இருக்கும் அருங்காட்சியகங்களையும் நினைவில்லங்களையும் எந்த வரிசையில் பார்த்தால் ஒன்றுக்கொன்று தொடர்பு புரியும் என்றும், ஒவ்வோர் இடத்திலும் நின்று பார்க்கவேண்டிய பொருள் எது என்றும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். பாரதியார் வாழ்ந்த வீட்டையும் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீட்டையும் பார்க்காமல் திரும்பக் கூடாது என்று அப்பா இப்போதே சொல்லிவிட்டார்.


வாய்க்கால்கரை:

அம்மா, உங்கள் மகள் சொன்ன பதிலில் பெரிய தவறில்லை. செயிண்ட் லூயி வீதியில், பாரதி பூங்காவை ஒட்டி இருக்கும் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பிரெஞ்சுக்காரர் காலத்து நாற்காலிகளும் மேசைகளும் கடிகாரங்களும் பீங்கான்களும் உண்மையிலேயே நிறைய இருக்கின்றன. அவற்றை முதலில் பார்ப்பவர்கள் களைத்துப் போய், பல்லவர், சோழர் காலச் சிற்பங்களையும் அரிக்கமேட்டுப் பொருள்களையும் நடந்துகொண்டே பார்த்துவிட்டு வெளியேறிவிடுகிறார்கள்.

நான் சம்பா கோவில் என்று நாங்கள் சொல்லும் மாதா தேவாலயத்தின் மணியோசை கேட்கும் தூரத்தில் பிறந்து வளர்ந்தவன். என் ஆலோசனை ஒன்றுதான்: கடலோரப் பிரெஞ்சுப் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தொடங்குங்கள். வெளியூர்க்காரர்கள் கடற்கரையில் தொடங்கி, கால் ஓய்ந்த பிறகு தமிழர் பகுதிக்கு வருகிறார்கள்; பலர் வருவதே இல்லை. ஆனால் இந்த நகரத்தின் பழமை வாய்க்காலுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால், விடை நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறானது.

1761 ஜனவரி 16 அன்று புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அதன்பின் அவர்கள் கோட்டையையும் அதைச் சுற்றியிருந்த ஐரோப்பியர் குடியிருப்பையும் திட்டமிட்டு இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1763-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஊர் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்து, 1765-இலிருந்துதான் மறுபடி கட்டத் தொடங்கினார்கள். எனவே, கடலோர வீதிகளில் நீங்கள் படமெடுத்த வீடுகளைப் புகழ்பெற்ற பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே கண்ணால் கண்டிருக்க வழியில்லை. அவர் 1754-இலேயே கப்பலேறிவிட்டார். அவர் காலத்து வீடு ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் வாய்க்காலைத் தாண்டி, பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், ரங்கப்பிள்ளை வீதிக்கு வர வேண்டும். 1730-களில் கட்டப்பட்ட ஆனந்தரங்கப் பிள்ளை வீடு அங்கே இருக்கிறது.

அந்த வீட்டின் முற்றத்தில் நின்று ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். கீழ்த்தளத்தில் செதுக்கு வேலைப்பாடுள்ள மரத்தூண்கள் முற்றத்தைச் சுற்றி நிற்கும். நம் ஊர்ப் பெரிய வீடுகளில் பார்ப்பதுதான், புதிதாக ஒன்றுமில்லை. அவற்றுக்கு நேர் மேலே, மாடியில், சுண்ணாம்புச் சாந்து பூசிய பருத்த தூண்கள் ஐரோப்பிய முறையில் வரிசையாக நிற்கும். பிள்ளை டூப்ளேயின் துபாஷி, அதாவது இருமொழியாளர். அவர் வீடும் துபாஷிதான். கட்டியவர்கள் இரண்டையும் கலக்க முயலவில்லை, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துவிட்டார்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி. மாடி ஏறாமல் கீழே நின்றே இதைப் பார்க்கலாம் என்பதால் உங்கள் தந்தைக்கும் சிரமம் இராது. எப்போதும் திறந்திருக்கும் இடமல்ல. அரசின் கலை பண்பாட்டுத் துறையிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு செல்வது நல்லது.

பிள்ளை 1736-இல் தொடங்கி ஏறத்தாழ இறக்கும்வரை நாட்குறிப்பு எழுதினார். 1761 ஜனவரி 12 அன்று அவர் இறந்தார். நான்காம் நாள் ஊர் வீழ்ந்தது. பேச்சுத் தமிழும் பாரசீகச் சொல்லும் பிரெஞ்சுப் பெயர்களின் தமிழ் உருவங்களுமாக ஓடும் அந்த உரைநடையைத் தமிழாசிரியரான உங்கள் தந்தை இரண்டு பக்கமாவது முன்கூட்டிப் படித்துவிட்டு வந்தால், அந்த முற்றம் அவருக்கு வெறும் முற்றமாகத் தெரியாது.

நேரமிருந்தால் அங்கிருந்து வைசியாள் வீதிக்கு ஒரு ஆட்டோவில் போய் இறங்குங்கள். தெருவை நோக்கிய தாழ்வாரம், அதன் கீழ்த் திண்ணை, உள்ளே முற்றம் என்ற தமிழ் வீட்டு அமைப்பு வரிசையாகப் பாதுகாக்கப்பட்ட வீதி அது. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதையும் பெற்றது. அங்கே நுழைவுச்சீட்டு இல்லை, மூடும் நேரமும் இல்லை.


மணிக்கோவை:

மேலே சொன்ன வரிசையை நான் வழிமொழிகிறேன். உங்கள் மகளின் செயல்திட்டத்துக்காக அரிக்கமேட்டுப் பகுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பழைய மணிகளைப் பார்ப்பதும் படிப்பதும் என் பைத்தியங்களில் ஒன்று; சற்று நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரிக்கமேடு என்ற களம் உலகத்துக்குத் தெரிந்ததே அருங்காட்சியக அலமாரிகளின் வழியாகத்தான் என்பதை அவளிடம் முதலில் சொல்லுங்கள். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் பழைய இடிபாடுகள் இருப்பதை லெ ஜென்தீல் என்ற பிரெஞ்சு வானியலாளர் 18-ஆம் நூற்றாண்டிலேயே குறித்திருந்தார். 1930-களில் ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் அங்கே பிள்ளைகள் பொறுக்கியெடுத்த மணிகளையும், ரோமானியத் தலை செதுக்கிய ஒரு கல்லையும் கண்டு அதன் மதிப்பை உணர்ந்தார். ஆயினும் பெரிய திருப்பம் 1944-இல் வந்தது. அந்த ஆண்டு இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்றிருந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றில் ஆம்போரா எனப்படும் மதுச்சாடியின் உடைந்த துண்டைப் பார்த்தார். எங்கிருந்து வந்தது என்று கேட்டு, புதுச்சேரிக்கு வந்து, இங்கிருந்த பொதுநூலகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் இத்தாலியிலிருந்து வந்த சிவப்புக் கலன்களின் ஓடுகளை அடையாளம் கண்டார். பிரான்சு ஆட்சிக்குட்பட்ட மண்ணில் 1945-இல் அவர் அகழாய்வு நடத்தியது அதன் பிறகுதான். அவருக்குப் பின் 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் தோண்டினார்கள்.

அந்தச் சிவப்பு ஓடு ஏன் அவ்வளவு முக்கியம் என்று உங்கள் மகள் கேட்கட்டும். இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துப் பெயரால் அறியப்படும் அந்த மேசைக் கலன்கள் எந்தக் காலத்தில் செய்யப்பட்டன என்பது ஐரோப்பாவில் ஓரளவு துல்லியமாகத் தெரியும். செய்தவர்களின் முத்திரைகூடச் சிலவற்றில் இருக்கும். ஆகவே அந்த ஓடு கிடைத்த மண்ணடுக்கில் கூடவே கிடைத்த நம்மூர்ப் பானைகளுக்கும் காலம் குறிக்க முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலில் கி.பி. முதலாம் நூற்றாண்டு என்று உறுதியாகக் கை வைக்கக் கிடைத்த முதல் பிடிப்புகளில் ஒன்று அது. மதுச்சாடி ஓட்டின் முன்னால் உங்கள் தந்தையை நிறுத்தினால், யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த மணம் கமழும் தேறலைப் பாண்டியன் பருகிய சங்கப் பாடலை அவரே சொல்லிவிடுவார். ஆனால் எல்லாச் சாடியிலும் மதுதான் வந்தது என்று எழுதிவிட வேண்டாம். ஒலிவ எண்ணெயும், மீனை உப்பில் ஊறவைத்துச் செய்த ஒருவகைக் குழம்பும் அவ்வகைச் சாடிகளில் வந்தன.

இவற்றுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்துத் தட்டு ஓடுகள் இருந்தால் அவற்றின் உள்பக்க அடிப்பகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள். நுண்ணிய புள்ளிகள் வட்டம் வட்டமாக, ஒன்றுக்குள் ஒன்றாக ஓடும். ஈரம் காயாத மண்ணில் பல்லுள்ள கருவி துள்ளித் துள்ளிப் பதித்த தடம் அது. ரௌலட் வகை என்று இதைச் சொல்வார்கள். ரோமானியப் பொருள் என்று வீலர் நினைத்தார். இந்தியாவிலேயே செய்யப்பட்டவை என்பதே இன்றைய ஆய்வாளர்களின் முடிவு.

இனி மணிகள். மக்கள் கால் நிமிடத்தில் கடந்துபோகும் பெட்டி அதுதான். சூதுபவளம், பளிங்கு, செவ்வந்திக்கல் போன்ற கல்மணிகள் முதலில் கண்ணைப் பறிக்கும். ஆனால் அரிக்கமேட்டின் பெயரை வெளியுலகுக்குக் கொண்டுபோனவை மிளகளவும் அதனினும் சிறிதுமான கண்ணாடி மணிகள்; செங்கல் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு என ஒவ்வொன்றும் ஒரே நிறத்தில் இருக்கும். உருகிய கண்ணாடிக் குழம்பின் நடுவே காற்று விட்டு, அதை நீளமான மெல்லிய குழலாக இழுத்து, ஆறியபின் பொடிப்பொடியாக நறுக்கி, வெட்டு விளிம்பின் கூர் மழுங்குவதற்காகச் சாம்பலோடு சேர்த்து மீண்டும் சூடாக்குவார்கள். இழுத்துச் செய்த மணியா, கம்பியில் சுற்றிச் செய்த மணியா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. உள்ளே சிக்கிய காற்றுக் குமிழி துளையின் போக்கிலேயே நீண்டு கிடந்தால் அது இழுத்த மணி; துளையைச் சுற்றி வளைந்து கிடந்தால் சுற்றிய மணி. ஒரு பூதக்கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

உடைந்த குழல் துண்டுகளும் கழிவுகளும் அரிக்கமேட்டில் கிடைத்ததால்தான் அங்கே மணி விற்கப்பட்டது மட்டுமல்ல, செய்யவும்பட்டது என்று சொல்ல முடிகிறது. இதே முறையில் செய்த மணிகள் கிழக்கே தென்கிழக்காசிய நாடுகளிலும் மேற்கே ஆப்பிரிக்கக் கரையிலும் அகழாய்வுகளில் வருகின்றன. ஆந்திரத்தில் திருப்பதிக்கு அப்பால் உள்ள பாப்பாநாயுடுபேட்டையில் இந்தக் கைத்தொழில் இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை அப்படியே நடந்து வந்ததை ஆய்வாளர்கள் நேரில் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். செயல்திட்டத்தில் ரோமாபுரியின் பங்குக்கு ஒரு பக்கம் போதும், மணிக்கு மூன்று பக்கம் ஒதுக்கலாம் என்பது என் பக்கச் சார்பான கருத்து.

அரிக்கமேட்டுப் பொருள்கள் ஓரிடத்தில் இல்லை என்பதையும் அவள் எழுத வேண்டும். ஒரு பகுதி இங்கே, ஒரு பகுதி சென்னையில், பாரிசின் கீமே அருங்காட்சியகத்தில் சில.


ஐயக்காரன்:

புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போகும் எல்லோருக்கும் டூப்ளே படுத்த கட்டில் என்று ஒன்றைச் சொல்வார்கள். மேலே வாய்க்கால்கரை எழுதியதைப் படித்ததும் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. 1754-இல் டூப்ளே போய்விட்டார். 1761-இல் ஐரோப்பியர் பகுதி முழுவதும் இடிக்கப்பட்டது. கட்டில் மட்டும் எப்படித் தப்பியது? வேறோர் ஊரில், பெயர் வேண்டாம், ஓர் அரசரின் வாள் என்று குறிப்பட்டை வைத்திருந்த அதே வாளுக்கு நான் அடுத்தமுறை போனபோது வேறோர் அரசரின் பெயர் எழுதியிருந்தது. அதிலிருந்து இத்தகைய பொருள்களைக் கண்டால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. பிள்ளைகளிடம் இதை உண்மை என்று சொல்லிவிடலாமா?


வாய்க்கால்கரை:

ஐயக்காரன் கேட்பது நியாயமான கேள்வி. ஊர் வீழ்வதற்கு முன்பே வசதியுள்ளவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களை வெளியூர்களுக்கு அப்புறப்படுத்தியிருக்கலாம். கட்டில் கைமாறிக் கைமாறித் திரும்பி வந்திருக்கவும் கூடும். அதைப் பற்றிச் சண்டை போட எனக்கு விருப்பமில்லை. "டூப்ளே படுத்ததாகச் சொல்லப்படும் கட்டில்" என்று பிள்ளைகளிடம் சொன்னால் போதும். அந்தச் "சொல்லப்படும்" என்ற ஒரு சொல்லைச் சேர்க்கப் பழகுவதே வரலாற்றுப் பாடத்தில் பாதி.

அந்தக் கூடத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது கட்டில் அல்ல, புஸ்புஸ் வண்டி. தள்ளு தள்ளு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் நம்மவர் வாயில் அப்படி ஆயிற்று. மாடு கிடையாது, குதிரை கிடையாது. பின்னால் ஆள் நின்று தள்ள வேண்டும். உள்ளே அமர்ந்திருக்கும் துரை முன்சக்கரத்தின் பிடியைக் கையில் வைத்துக்கொண்டு போகும் திசையைத் திருப்பிக்கொள்வார். பல்லக்குத் தூக்கிகளாவது வழியைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்; இங்கே தள்ளுபவருக்கு வண்டியின் முதுகைத் தவிர வேறு காட்சி இல்லை. அந்த வண்டியின் பின்புறம் போய் நின்று, கை வைக்கும் இடம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று உங்கள் மகள் பார்க்கட்டும். பிரெஞ்சுக்காரர் ஆட்சி எப்படி நடந்தது என்பதற்கு நான் பத்துப் பக்கம் எழுதுவதைவிட அது நன்றாகச் சொல்லும்.

டூப்ளேயைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. சம்பா கோவிலை ஒட்டியிருந்த பழைய வேதபுரீசுவரர் கோவில் 1748-இல் அவர் ஆட்சியில் இடிக்கப்பட்டது. அன்று ஊரில் என்ன நடந்தது, யார் என்ன பேசினார்கள் என்பதை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் விரிவாக எழுதியிருக்கிறார். இன்று ஈசுவரன் கோவில் வீதியில் இருப்பது பின்னால் கட்டிய கோவில். அதைப் பார்த்துவிட்டு அருங்காட்சியகத்துக்குப் போனால் அந்தக் கட்டிலை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள், அது உண்மையானாலும் இல்லாவிட்டாலும்.

கடற்கரைக்குப் போகத்தான் போகிறீர்கள். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் வேலைப்பாடுள்ள எட்டுக் கருங்கல் தூண்களை எல்லோரும் சிலைக்காகவே செய்தவை என்று எண்ணிக்கொள்கிறார்கள். அவை செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்தவை.


குயிலோசை:

பாரதியார் நினைவில்லத்தைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. அது ஈசுவரன் தர்மராஜா கோவில் வீதியில், 20-ஆம் எண்ணுள்ள வீடு. பழுது பார்த்து 2016-இல் மறுபடி திறந்தார்கள். அவருடைய ஒளிப்படங்கள், கையெழுத்துப் படிகள், அவர் நடத்திய இதழ்கள், நூலகம் ஆகியவை அங்கே இருக்கின்றன.

ஆனால் உங்கள் தந்தையிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாரதியார் 1908-இல் புதுச்சேரிக்கு வந்து 1918 நவம்பரில் ஊரைவிட்டுப் புறப்படும்வரை பத்து ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தவர் அல்லர். வாடகை கொடுக்க முடிந்தபோதும் முடியாதபோதும் வீடு மாறிக்கொண்டே இருந்தார். "இந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் இன்ன பாட்டை எழுதினார்" என்று யாராவது அடித்துச் சொன்னால், ஐயக்காரன் கட்டிலைப் பற்றிக் கேட்டதையே அங்கும் கேட்க வேண்டியிருக்கும். அந்த வீட்டில் நான் தேடுவது எந்த அறை எந்தக் கவிதைக்குரியது என்பதை அன்று. ஆங்கிலேய அரசின் ஒற்றர்கள் தெருமுனையில் காத்திருக்க, உள்ளே ஒரு குடும்பம் எத்தனை அடி அகலத்துக்குள் வாழ்ந்தது என்பதை. பிரெஞ்சு எல்லையைத் தாண்டிய உடனே, 1918 நவம்பர் 20 அன்று, கடலூர் அருகே அவரைக் கைது செய்தார்கள். எல்லைக்கு உள்ளே அவரைத் தொட முடியாமல் காத்த ஊர் இது என்ற நினைவோடு அந்த வாசற்படியைக் கடந்தால் வீடு சிறியதாகத் தோன்றாது.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில், பெருமாள் கோவில் வீதி 95-ஆம் எண்ணில், பாரதிதாசன் சொந்தமாக வாங்கி வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. கூட்டம் குறைவு, உங்கள் தந்தை அமர்ந்து நிதானமாகப் பார்க்கலாம். வாடகை வீடுகளில் அலைந்த ஆசிரியரையும், அதே ஊரில் பிறந்து சொந்த வீட்டில் முதுமை கண்ட மாணவரையும் ஒரே முற்பகலில் அடுத்தடுத்துப் பார்ப்பது தனி அனுபவம்.

ஓவியக் காட்சிகள் வேண்டுமென்றால் துய்மா வீதியில், பிரெஞ்சு மொழி, பண்பாட்டு அமைப்பான அலியான்ஸ் பிரான்சேசின் மேசோன் கொலம்பானி என்ற கட்டடத்தில் அவ்வப்போது நடக்கும். அந்த வாரம் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். செயிண்ட் லூயி வீதியில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிக் கட்டுகளும், தென்னிந்தியக் கோவில்களின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஒளிப்படங்களும் உள்ளன. புதுச்சேரியின் சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. அது ஆய்வாளர்களுக்கான இடம், சனி ஞாயிறு சுற்றிப் பார்க்கும் இடமல்ல. கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

திங்கட்கிழமையிலும் அரசு விடுமுறை நாள்களிலும் அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். நண்பகலில் உணவு இடைவேளைக்கு மூடும் வழக்கமும் உண்டு. பன்னிரண்டரை மணிக்குப் போய் வாசலில் நிற்காதீர்கள்.


கீழவீதி:

எல்லோருக்கும் நன்றி. போய்விட்டு வந்துவிட்டோம், நீங்கள் சொன்ன வரிசையில்தான் போனோம், ஒரேயொரு மாற்றத்துடன். சனிக்கிழமை முற்பகலில் இரண்டு கவிஞர்களின் வீடுகள், பிற்பகலில் ஆனந்தரங்கப் பிள்ளை வீடு, ஞாயிறு காலையில் அருங்காட்சியகம், அதன்பின் அரிக்கமேடு. அந்தக் கடைசி இடம் எங்கள் திட்டத்தில் இல்லை, மகள்தான் கேட்டாள்.

பிள்ளை வீட்டின் முற்றத்தில் அப்பா கால் மணி நேரம் பேசாமல் நின்றார். பிறகு என்னிடம், "இந்த மனிதர் 25 வருடம் தினமும் எழுதியிருக்கிறார், நான் ஓய்வு பெற்றபோது வாங்கிய டைரியில் ஜனவரிகூடத் தாண்டவில்லை" என்றார். பாரதியார் வீட்டில் யாரிடமும் எந்தப் பாட்டைப் பற்றியும் அவர் கேட்கவில்லை. கூடத்தின் அகலத்தை மட்டும் காலடியால் அளந்தார். குயிலோசை எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டியிருந்தேன்.

அருங்காட்சியகத்தில் மணிகளின் குமிழி தெரியவில்லை. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியிலிருந்து பூதக்கண்ணாடி அவ்வளவு தூரம் எட்டவில்லை. அதனால் மனம் தளராமல், புள்ளி வட்டமுள்ள ஓட்டை மகள் நோட்டில் வரைந்துகொண்டாள். புஸ்புஸ் வண்டியின் பின்னால் போய் நின்று, தன் மார்பளவு உயரத்தில் கையை வைத்துப் பார்ப்பதுபோல் காட்டி, "கடற்கரையிலிருந்து சம்பா கோவில் வரைக்குமா தள்ளுவாங்க?" என்று கேட்டாள். கட்டிலின் அருகே "சொல்லப்படும்" என்று எங்கள் இருவரையும் திருத்தினாள்.

அரிக்கமேட்டில் ஆற்றங்கரைத் தோப்பும், பழைய குருமடம் ஒன்றின் இடிந்த சுவர்களும் தவிரப் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் மழையில் மண் கரைந்த ஓர் இடத்தில் ஓடுகள் தலைகாட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். வெளிப்புறம் சிவப்பு, உட்புறம் நல்ல கறுப்பு, வழவழப்பாக இருந்தது. பாதுகாக்கப்பட்ட இடம், எதையும் எடுத்துப் போகக் கூடாது என்று சொன்னேன். கிடந்த இடத்திலேயே, கிடந்த வாக்கிலேயே திரும்ப வைத்துவிட்டாள். அது ரோமானியப் பொருளா என்று வீட்டுக்கு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள். மணிக்கோவை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.


மணிக்கோவை:

படம் பார்க்காமல் ஓட்டைப் பற்றி உறுதியாகச் சொல்வது முறையல்ல. ஆனால் நீங்கள் சொன்ன விவரம் கறுப்பு சிவப்புப் பாண்டம் என்ற வகைக்குப் பொருந்துகிறது. அது கப்பலில் வந்ததன்று, இங்கேயுள்ள குயவர் வனைந்தது. சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது உள்புறத்துக்குக் காற்று கிடைக்காமல் கறுத்துவிடும், வெளிப்புறம் தீயிலும் காற்றிலும் சிவந்துவிடும். இத்தாலியச் சிவப்பு ஓடு என்றால் உள்ளும் புறமும் ஒரே பளபளப்பான சிவப்பாக இருக்கும்.

எடுத்த இடத்திலேயே வைத்தது மிகச் சரி. ஓடு கிடந்த வாக்கில் அவள் ஒரு படம் வரைந்து, சிவப்புப் பக்கம் மேலே இருந்ததா கறுப்புப் பக்கம் மேலே இருந்ததா என்பதையும் குறித்துவிடட்டும். செயல்திட்டத்தின் முதல் பக்கத்தில் மதுச்சாடியைப் போடப் போகிறாள் என்றால், அதை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு இந்த ஓட்டை அங்கே போடச் சொல்லுங்கள்.